பெரிய இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் தெரியுது, சின்னது தெரியலை: ஸ்பானிஷ் பேசும் நர்சிங் மாணவிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வலென்சியா_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயினில் வலென்சியாவில் இருக்கேன். வீட்டுக்கு வர்ற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறேன். இப்ப ஒரு நர்சிங் மாணவி வர்றா. இங்கே நர்சிங் 4 வருஷப் படிப்பு, அவளுக்கு இது கடைசி வருஷம். முடிச்சதும் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போகணுமாம். அதுக்கு ஓ.இ.டி.ன்னு, மருத்துவத் துறையில வேலை பார்க்கிறவங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதணும்.

இலக்கணம் சுமார். அதைச் சரி பண்ணிடலாம். என்னைக் குழப்புறது அவளோட சொல்வளம்தான். எந்த அளவில் இருக்கான்னு ஆழம் பார்க்க, நான் சென்னையில் ஜி.ஆர்.இ.க்கு உருப்போட்ட பட்டியலை எடுத்தேன். லுகூப்ரியஸ்னா என்னன்னு கேட்டா உடனே சொல்றா, 'எங்க பாஷையில லூகுப்ரேன்னு இருக்கே.' டாசிடர்ன்? தசித்தூர்னோ. லொக்வேஷியஸ்? லோகுவாஸ். பியூசிலானிமஸ்னு ஒண்ணு, எனக்கு இன்னிக்கும் ஸ்பெல்லிங் தகராறு, அவ புசிலானிமேன்னு சிரிக்கிறா. நான் மாசக்கணக்கா சுவரில் ஒட்டி வெச்சுப் படிச்சதெல்லாம் அவளுக்கு ஓசியில் கிடைச்சிருக்கு.

சரி, கெட்டிக்காரிதான்னு நினைச்சு, ஒரு நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்ற மாதிரி ஒரு பத்தி கொடுத்தேன். அங்கேதான் வண்டி நின்னுது. ப்ரூஸ் தெரியலை, இட்ச்சி தெரியலை. சோர், ஸ்வோலன், லம்ப், லிம்ப் எதுவுமே தெரியலை. ட்ராயர், லிட், ஸ்லீவ் மாதிரி வீட்டுச் சாமான் வார்த்தைகூட இல்லை.

நமக்கு நேர்மாறா இருக்கு. கடையில் கிடைக்கிற சொற்பட்டியல் புத்தகம் எல்லாம் எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும். இவளுக்கு எது எளிது, எது கடினம்? எந்த வரிசையில் போறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சந்தேகப்_பிராணி

இதில என்ன பெரிய ஆராய்ச்சி? 3000 வார்த்தை லிஸ்ட் எடு, ஆன்கியில் (அட்டை அட்டையா மனப்பாடம் பண்ண வைக்கிற ஆப்) ஏத்து, தினமும் தட்டு. நாமெல்லாம் அப்படித்தானே படிச்சோம். தாய்மொழி எதுவா இருந்தா என்ன?

ஒலிபெயர்ப்பான்

தாய்மொழி எதுவாக இருந்தாலும் ஒன்றல்ல, நண்பரே. இந்த இழையின் விஷயமே அதுதான்.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் சில நூற்றாண்டுகளுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, சர்ச்சிலும் படிப்பிலும் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம் என்று நாடு ஓடியது. அதனால் ஆங்கிலத்தில் சொற்கள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. அகராதியை எடுத்து எண்ணினால் பாதிக்கு மேல் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவை. ஆனால் உடம்பு, வீடு, சாப்பாடு, நடை, வலி என்று வாயில் தினம் புரள்பவை பெரும்பாலும் கீழடுக்கு. ஸ்பானிஷ் லத்தீனின் பிள்ளை. ஆகவே மல்லியின் மாணவிக்கு மேல்மாடி பழகிய இடம், தரைத்தளம்தான் புதுசு.

வடக்கிலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த டாக்டரை நினைத்துப் பாருங்கள். ஜீரணம், சுவாசம், ரத்தம் என்றால் தலையாட்டுவார். 'குமட்டுது டாக்டர், கால் மரத்துப்போச்சு, இடுப்புல பிடிச்சுக்கிச்சு' என்றால் நர்சைத் திரும்பிப் பார்ப்பார். அதேதான் இது.

மேலடுக்குக்குப் பட்டியல் தேவையில்லை, நாலைந்து வாய்பாடு போதும். ஸ்பானிஷில் 'சியோன்' என்று முடிவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'ஷன்': இன்ஃபெக்சியோன், இன்ஃபெக்‌ஷன். 'தாத்' என்று முடிவது 'ட்டி': இன்முனிதாத், இம்யூனிட்டி. 'மென்தே' என்றால் 'லி'. ஒரு மாலையில் இதைச் சொல்லிக்கொடுத்தால் ஆயிரக்கணக்கான சொற்கள் கைக்கு வரும். மிச்ச நேரம் முழுவதையும் கீழடுக்குக்குக் கொடுங்கள்.

வார்டு_அக்கா

மல்லி, இது அப்படியே எங்க வார்டு கதையாக்கும். எனக்கு ஊரு நாகர்கோவில், இப்போ லீட்ஸ்ல நர்ஸ். எங்க வார்டுல ஸ்பெயின் பிள்ளைய உண்டு. ஷிஃப்ட் மாறும்போ அதுவ ஹேண்டோவர் குடுக்கதைக் கேக்கணும், அவ்வளவு சுத்தம். ஹைபர்டென்ஷன், நிமோனியா, ஹெமரேஜ், எடிமா, தட்டாம வரும். நாங்க கேரளத்துலயும் தமிழ்நாட்டுலயும் படிச்சிட்டு வந்தவங்க இங்கிலீஷ்லயே படிச்சதுனால சொல்லுகோம். அதுவளுக்குச் சொந்த பாஷையிலயே இருக்கு.

அப்புறம் பெட்டுல கிடக்க பாட்டி வாயைத் திறப்பா. அங்கதான் மாட்டிக்கிடும்.

'ஐ ஹேவ் பீன் சிக்'னு ஒரு இங்கிலீஷ்காரப் பாட்டி சொன்னா வாந்தி எடுத்திருக்கான்னு அர்த்தம். புதுசா வந்த பிள்ளை அதை 'உடம்பு சரியில்லாம இருந்தேன்'னு எடுத்துக்கிடும். சார்ட்டுல வாந்தி ஏறாது. 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்'னா சிரிக்கதுக்கு ஒண்ணுமில்ல, திடீர்னு தலை கிறங்கி மயக்கம் மாதிரி வந்திருக்கு, உடனே பி.பி. பாக்கணும். 'வாட்டர்வொர்க்ஸ்'ல பிரச்சினைன்னா குழாய் ரிப்பேர் இல்ல, ஒண்ணுக்குப் போறதுல பிரச்சினை. வயசான அம்மாமாரு 'ஸ்பெண்ட் எ பென்னி'ன்னா பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும். 'போர்லி'ன்னா ஏழைன்னோ மோசம்னோ யோசிக்கப்பிடாது, உடம்பு முடியலைன்னு அர்த்தம். அதுக்கு மேல இந்த யார்க்‌ஷயர்ல 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லதுக்கே 'நௌட்'டுன்னு ஒரு வார்த்தை.

அப்புறம் ரெண்டு துண்டா வர்ற வினை. பாஸ் அவுட், த்ரோ அப், கம் ரௌண்ட், வேர் ஆஃப். வீக்கம் வத்திச்சுன்னா 'கோ டவுன்'. மயக்க மருந்து 'வேர் ஆஃப்' ஆகும்போ வலிக்கும்னு டாக்டர் சொல்லிட்டுப் போவாரு. வேர்னா உடுத்துகதுன்னு படிச்ச பிள்ளை என்னத்தப் புரிஞ்சிக்கிடும்?

பட்டியல் கேட்டியள்ளா. வலிக்கு மட்டும் ஒரு நல்ல பட்டியல் ரெடியாவே இருக்கு. கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் 1975-ல வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாள். 78 வலிச் சொல்லு, 20 கூட்டமாப் பிரிச்சிருக்கும். த்ராபிங், ஷூட்டிங், ஸ்டாபிங், நாயிங், பர்னிங், டல், அப்படியே போகும். ஸ்பானிஷ்லயும் அதுக்கு வடிவம் உண்டு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிக்கச் சொல்லுங்க. நம்ம பாஷையிலயும் வலிக்கு எத்தன சொல்லு, குத்துது, குடையுது, கடுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அதனால உங்களுக்குச் சொல்லிக்குடுக்கது எளுப்பமா இருக்கும்.

வலென்சியா_மல்லி

அக்கா, கோடி நன்றி! இந்த 'ஃபன்னி டர்ன்' எனக்கே தெரியாது. மெக்கில் பட்டியலை இன்னிக்கே எடுக்கிறேன்.

ஒண்ணு கவனிச்சேன். ஸ்பானிஷில் வலிக்கு 'தொலோர்'னு ஒரே பெயர்ச்சொல்தான் எல்லாத்துக்கும் முன்னால நிக்குது. இங்கிலீஷில் பெயின், ஏக், சோர், ஹர்ட்னு பிரியுது. 'ஐ ஹேவ் பெயின் ஆஃப் ஹெட்'னு எழுதறா. ஹெடேக், பேக்கேக், டூத்தேக் வரைக்கும் ஏக் ஒட்டும், கழுத்துக்கு ஒட்டாது, தொண்டைன்னா சோர். இதுக்கு விதி கேட்டா என்கிட்ட விதி இல்லை.

யாழ்_வடலி

விதி இல்லைத் தங்கச்சி. சோடி சோடியாய்த்தான் பழக வேணும். நான் லண்டனில ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில வேலை செய்யிறன். என்னோட வேலை செய்யிற கொலம்பியாப் பிள்ளை ஒருத்தி தனிச்சொல்லு எழுதிறதையே விட்டிட்டாள். முழுத்துண்டாய்த்தான் எழுதுவாள்: சோர் த்ரோட், ஸ்டிஃப் நெக், அப்செட் ஸ்டமக், ஸ்ப்ரெயின்ட் ஆங்கிள்.

இன்னொண்டு, உங்கட மாணவி ஓ.இ.டி. எண்டால் நல்லதுதான் தெரிவு செய்திருக்கிறா. பிரிட்டன் நர்சிங் கவுன்சில் கேட்கிறது கேட்டல், வாசித்தல், பேசுதலில பி, எழுதுதலில சி பிளஸ். ஐ.இ.எல்.டி.எஸ். எண்டால் மூண்டிலயும் 7, எழுதுதலில 6.5. ஓ.இ.டி. பேச்சில ரெண்டு நடிப்பு இருக்கும், ஒவ்வொண்டும் ஒரு 5 நிமிசம். நோயாளியோட கதைக்கிற மாதிரி. அங்க போய் 'யூரினேட்', 'அப்டமன்' எண்டு வைத்தியப் புத்தகம் மாதிரிக் கதைச்சால் சரிவராது. சாதாரண ஆளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறதைத்தான் பார்ப்பினம். எழுத்துப் பகுதியில வேற நர்சுக்கோ டாக்டருக்கோ கடிதம், அங்க அவவின்ர லத்தீன் எல்லாம் நல்லாய்க் கைகொடுக்கும்.

சந்தேகப்_பிராணி

அப்ப ஒரே பரீட்சைக்குள்ள ரெண்டு இங்கிலீஷா? சரி, ஒத்துக்கறேன், சுவாரஸ்யமாத்தான் இருக்கு. ஆனா ஒரே மாதிரி இருக்கிற வார்த்தையை நம்பினா சில இடத்தில் கவுத்துடும்னு கேள்விப்பட்டிருக்கேனே. எம்பராசாதான்னா எம்பராஸ்டு இல்லை, கர்ப்பம்னு. இணையம் பூரா அந்த ஒரே ஜோக்தான்.

ஹூஸ்டன்_மாமா

அந்த ஜோக்கை ஒதுக்கிவைத்துவிட்டு நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1980-ல் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவனை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டார் 'இந்தொக்ஸிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் மனதில் இருந்த அர்த்தம். கேட்டவர்கள் காதில் 'இன்டாக்ஸிகேட்டட்' என்று விழுந்தது. போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று வைத்தியம் போனது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. பையனுக்குக் கை கால் நான்கும் விழுந்துவிட்டன. வழக்கில் பேசப்பட்ட நஷ்டஈடு சுமார் 7.1 கோடி டாலர். மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் இன்றைக்கும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார்கள்.

ஆகவே மல்லி, இருநூறு போலி நண்பர்கள் (உருவம் ஒன்று, பொருள் வேறு என்கிற சொற்கள்) என்று வலையில் கிடைக்கும் பட்டியலைக் கொடுக்காதீர்கள். லிப்ரெரியா என்றால் புத்தகக்கடை, லைப்ரரி இல்லை என்பதெல்லாம் தெரியாவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். நர்சுக்கு எது ஆபத்தோ அதை மட்டும் எடுங்கள்.

ஸ்பெயினில் 'கோன்ஸ்திபாதோ' என்றால் ஜலதோஷம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் மலச்சிக்கல், மருந்தே வேறு. 'மொலெஸ்தியா' என்றால் லேசான அசௌகரியம். 'மொலெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை நோயாளியிடம் பிரயோகித்தால் போலீஸ் வரும். 'இன்ஹூரியா' என்றால் அவமதிப்பு, காயம் இல்லை. 'சானோ' என்றால் ஆரோக்கியமானவன், புத்தி தெளிந்தவன் என்று பொருள் இல்லை. 'சென்சிப்ளே' என்றால் எளிதில் பாதிக்கப்படுகிற தோல், பல் போன்றவை, ஆங்கில 'சென்சிபிள்' போல விவேகமானது என்று பொருள் இல்லை.

இவற்றைவிட நான் பயப்படுவது சத்தமில்லாத இரண்டு சொற்களுக்கு. 'அக்துவால்மென்தே' என்றால் தற்சமயம், ஆங்கில 'ஆக்சுவலி' போல உண்மையில் என்று பொருள் இல்லை. 'எவென்துவால்மென்தே' என்றால் ஒருவேளை, தேவைப்பட்டால். ஹேண்டோவரில் 'தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் கொடுக்கணும்' என்று சொல்ல நினைத்து 'இவென்ச்சுவலி' போட்டால், கேட்பவருக்கு 'எப்படியும் கடைசியில் கொடுத்தாகணும்' என்று ஆகிவிடும். வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

எழுத்தில் இன்னொன்று. மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று போட்டால் ஒருமுறை. அதே எழுத்துகளை ஸ்பானிஷில் படித்தால் 'ஓன்சே', பதினொன்று. நோயாளிக்குக் கொடுக்கும் சீட்டில் எண்ணாக எழுதுவது உத்தமம்.

ஒலிபெயர்ப்பான்

மாமா சொன்ன 'எவென்துவால்மென்தே' அருமையான உதாரணம்.

ஹூஸ்டன்_மாமா

பாராட்டுக்கு நன்றி, ஆனால் உங்கள் மாடிக் கணக்கோடு எனக்கு ஒரு சண்டை உண்டு.

நான் வாராவாரம் இங்கே ஒரு நூலகத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். சம்பளமில்லாத வேலை. வருகிறவர்கள் மெக்சிகோ, ஹோண்டுராஸ், குவாத்தமாலா ஆட்கள்: கட்டட வேலை, ஹோட்டல் சமையலறை, வீடு சுத்தம் செய்கிற வேலை. ஆறாம் வகுப்போடு நின்றவர்கள் அநேகம். அவர்களிடம் புசிலானிமே என்று சொல்லிப் பாருங்கள், ஸ்பானிஷிலேயே தெரியாது. லத்தீன் வழிச் சொற்கள் ஓசியில் வருவது படித்த ஸ்பானிஷ்காரனுக்குத்தான். குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்களில் சிலருக்கு வீட்டு மொழி கிச்சே அல்லது மாம் என்கிற மாயா மொழி. ஸ்பானிஷே அவர்களுக்கு இரண்டாவது. 'ஸ்பானிஷ் பேசுகிறவர்' என்று ஒரே பெட்டியில் போட்டு வாய்பாடு கொடுத்தால் அவர்கள் முழிப்பார்கள், தங்களுக்குத்தான் மூளையில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரமாட்டார்கள். அப்படி நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதேபோல, ஸ்பெயின்காரி 'கார்பெத்தா' என்றால் கோப்பு உறை. இங்கே ஹூஸ்டனில் பலருக்கு அது தரைவிரிப்பேதான், ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு லோஞ்சே, வண்டி த்ரோக்கா. போலி நண்பன் பட்டியல்கூட ஊருக்கு ஊர் மாறும்.

மல்லியின் மாணவி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், அவளுக்கு நீங்கள் சொன்னது பொருந்தும். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் பூசக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

ஒலிபெயர்ப்பான்

ஏற்றுக்கொள்கிறேன். நான் எழுதியதில் 'படித்த' என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்ன இரண்டு துண்டு வினைக்கு வருகிறேன். அதை வெறும் பட்டியலாகக் கொடுத்தால் நிற்காது. லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் மொழிகளை இப்படிப் பிரித்தார்: நகர்வைச் சொல்லும்போது வினைச்சொல்லுக்குள் எது உட்காருகிறது, போகும் திசையா, போகும் விதமா? ஸ்பானிஷில் திசை. என்த்ரார் உள்ளே போவது, சலீர் வெளியே போவது, சுபீர் ஏறுவது, பஹார் இறங்குவது. விதம் தேவைப்பட்டால் பின்னால் 'ஓடிக்கொண்டு' என்று ஒட்டுவார்கள். ஆங்கிலத்தில் விதம்தான் வினை, திசை துண்டாகப் பின்னால் வரும்: ரன் அவுட், லிம்ப் இன், க்ரால் அப்.

தமிழ் இதில் ஸ்பானிஷ் பக்கம். 'ஓடி வெளியே வந்தான்' என்கிறோம், முடிக்கிற வினை 'வந்தான்'. 'நொண்டிக்கிட்டே உள்ளே போனார்', முடிப்பது 'போனார்'. ஆகவே மல்லிக்கும் மாணவிக்கும் ஒரே இடத்தில்தான் சுளுக்கு. ஆங்கிலத்தில் நடைக்கு மட்டும் ஷஃபிள், ஹாபிள், ஸ்டாகர், டாட்டர், லிம்ப் என்று வரிசை நிற்பது இதனால்தான். கதை படிக்க அவளுக்கு அது வேண்டாம், ஆனால் வார்டில் வேண்டும்.

வார்டு_அக்கா

கண்டிப்பா வேணும்! பேஷண்ட் விழுந்தா எழுதுக ரிப்போர்ட்டுல அதுதான் முக்கியம். ஸ்லிப்புன்னா தரை ஈரம், வழுக்கிட்டு. ட்ரிப்புன்னா எதுலயோ கால் தட்டிச்சு. ஸ்டாகர்னா தள்ளாடுகாரு, மருந்தோட வேலையா இருக்கும். வெறும் 'ஃபெல்'லுன்னு எழுதினா எதனாலன்னு தெரியாது. இந்த நாலஞ்சு சொல்லை நடிச்சுக் காட்டுங்க மல்லி, மறக்கவே மறக்காது.

வலென்சியா_மல்லி

நடிச்சேன். மாடி வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிட்டாங்க. 😀

இப்ப காது பிரச்சினை. எழுதிக் காட்டினா தெரியற வார்த்தை, ஆடியோவில் வந்தா தெரியலை. ஹாஸ்பிட்டல்னு இங்கிலீஷ்காரர் சொன்னதையே முதல் தடவை பிடிக்கலை. ஸ்பானிஷில் எழுத்து அப்படியே, ஆனா அழுத்தம் கடைசியில் விழும், ஒஸ்பித்தால்.

யாழ்_வடலி

எங்கட கொலம்பியாப் பிள்ளையும் இதைத்தான் சொல்லும். ஒரே உருவமுள்ள சொல்லு கண்ணுக்குத்தான் சொந்தக்காரன், காதுக்கு அந்நியன்.

ஒலிபெயர்ப்பான்

இதற்கு ஸ்பெயினில் ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பிராங்கோ காலத்தில், 1941-ல், வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிஷில் டப்பிங் செய்தே காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு பிறகு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஹாலிவுட் நடிகர்களுக்கு நிரந்தர ஸ்பானிஷ் குரல்கள் இருக்கின்றன. பக்கத்து போர்ச்சுகலில் பெரும்பாலும் சப்டைட்டில்தான், அங்கே சின்னக் கடையில்கூட ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்வார்கள் என்று போய்வந்தவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். டப்பிங் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் காது பழகாததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒலியைப் பொறுத்தவரை ஸ்பானிஷில் உயிர் ஐந்துதான், குறில் நெடில் பேதம் கிடையாது. ஹிப், ஹீப் இரண்டும் அவள் காதில் ஒன்று. ஹில்லும் ஹீலும் ஒன்று. நோயாளி இடுப்பையோ (ஹிப்) குதிகாலையோ (ஹீல்) சொன்னால் அது வேறு சொல்லாகக் காதில் விழக்கூடாது. பெட் ஷீட் என்பதைக் குறிலாகச் சொன்னால் வரும் சொல்லை இங்கே எழுத மாட்டேன், மட்டுறுத்துநர் பார்த்துக்கொண்டிருக்கிறார். குறில் நெடில் நமக்கு ரத்தத்தில் ஊறியது, மல்லி அதைக் கையால் தாளம் போட்டே காட்டலாம். சொல்லின் தலையில் 'ஸ்' வந்தால் அவள் 'எஸ்கூல்' என்பாள். அதற்கு நாம் சிரிக்க உரிமையில்லை, இஸ்கூலுக்குப் போனவர்கள்தானே நாமும்.

சந்தேகப்_பிராணி

ஆன்கி பத்தி யாரும் பேசலையே. நான் சொன்னது ஒண்ணாவது ஏத்துக்குங்கப்பா.

ஹூஸ்டன்_மாமா

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அட்டையின் முன்பக்கம் எழுத்து வேண்டாம், ஒலி மட்டும். கேட்டு, ஸ்பெல்லிங் எழுதி, அர்த்தம் சொன்னால்தான் தேறியதாகக் கணக்கு. 'ஏக்' என்பதை ஸ்பானிஷ்காரர் எழுத்துப்படி 'ஆச்சே' என்று வாசிப்பார், முதல் நாளே அப்படிப் படிந்துவிட்டால் பிறகு அழிப்பது பெரும்பாடு. காஃப், வூண்ட், பவல் எல்லாம் அதே ஜாதி.

சந்தேகப்_பிராணி

மொத்தம் எத்தனை வார்த்தை வேணும்? அதையாவது நம்பரா சொல்லுங்க.

ஒலிபெயர்ப்பான்

சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டது: நாவல், செய்தித்தாள் ஆகியவற்றை அகராதி இல்லாமல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பேச்சைப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000. ஆனால் இவள் விஷயத்தில் எண்ணைவிட எந்தப் பட்டியல் என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு என்று ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் தொகுத்த கல்விச் சொற்பட்டியல் இருக்கிறது, 570 சொற்குடும்பம். ஆங்கில வகுப்புகளில் அதைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். அதில் பெரும்பகுதி கிரேக்க, லத்தீன் வழி. இவளுக்கு அதில் நேரம் செலவழிப்பது வீண். அதைவிடப் பழையது மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட பொதுப்பயன் பட்டியல், சுமார் 2000 சொல். வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர், வங்காளப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினார். பழைய பட்டியல், சில சொற்கள் காலாவதி. ஆனாலும் அவளிடம் அதைக் கொடுத்துத் தெரியாததை மட்டும் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். கோடு விழுவதெல்லாம் தரைத்தளச் சொல்லாக இருக்கும். அதுவே உங்கள் பாடத்திட்டம்.

வலென்சியா_மல்லி

தாமதத்துக்கு மன்னிக்கணும். இங்கே ஃபாயாஸ் திருவிழா, மார்ச் நடுவில் ஊரே வெடியும் புகையுமா இருந்துது, க்ளாசே நடக்கலை.

வெஸ்ட் பட்டியல் வேலை செய்யுது. கோடு விழுந்ததை அவளே இடவாரியாப் பிரிச்சிட்டா: படுக்கை, குளியலறை, சாப்பாட்டுத் தட்டு, உடம்பு. மெக்கில் சொற்களுக்கு அவ பாட்டி சொல்ற வலி வார்த்தைகளைப் பக்கத்தில் எழுதியிருக்கா.

ஆனா புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு. அவ ஆஸ்பத்திரிப் பேச்சை அப்படியே மொழிபெயர்க்கிறா. ஸ்பெயினில் ரத்த அழுத்தம் 'தென்சியோன்', அதனால 'ஐ வில் டேக் யுவர் டென்ஷன்'. ஊசி 'போடுறது' அவங்களுக்கும் நமக்கும் ஒரே வினை, அதனால 'புட் ஆன் இன்ஜெக்‌ஷன்'. புண்ணுக்குக் கட்டு மாத்தறதை இங்கே 'கூரா'ன்னு சொல்வாங்க, அவ 'மேக் எ க்யூர்'னு எழுதியிருக்கா, கேட்கிறவங்க புண்ணே ஆறிடுச்சுன்னு நினைப்பாங்க. வார்டு இங்கே 'ப்ளாந்தா', அதனால 'த பேஷண்ட் இஸ் இன் த பிளான்ட்'. விரல் கை கால் ரெண்டுக்கும் 'தெதோ' (இதில் நாமும் கூட்டுக் களவாணி), ஃபிங்கரா டோவான்னு குறிப்பில் தெரியலை. நோயாளிகிட்ட பேசச் சொன்னா, 'டூ யூ டிசையர் டு யூரினேட், மேடம்?'

வார்டு_அக்கா

மேடம் பயந்துருவா! 'டூ யூ நீட் த லூ, லவ்?' அவ்வளவுதான். யார்க்‌ஷயர்ல 'லவ்' சேத்தாச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

மத்ததுக்கு வினையோட சேத்தே படிக்கணும். டேக் பிளட், கிவ் ஆன் இன்ஜெக்‌ஷன், ட்ரெஸ் த வூண்ட், செக் யுவர் பிளட் ப்ரெஷர். 'டிஸ்சார்ஜ்'னு ஒண்ணு உண்டு, கவனமாச் சொல்லிக்குடுங்க. பேஷண்டை வீட்டுக்கு அனுப்பினாலும் டிஸ்சார்ஜ், புண்ணுல சீழ் வந்தாலும் டிஸ்சார்ஜ்.

வலென்சியா_மல்லி

பேசிப் பழகத்தான் ஆள் இல்லை. என்கூடப் பேசினா ஆசிரியை இங்கிலீஷ்தான் வருது. தலை கிறங்கின பாட்டிக்கு நான் எங்கே போக?

யாழ்_வடலி

தங்கச்சி, நீங்கள் இருக்கிறது வலென்சியாவில. தெற்கால அலிகாந்தே மாகாணம் முழுக்க ஓய்வெடுக்கப் போன இங்கிலீஷ்காரக் கிழடுகள்தானே? பெனிடோர்ம், தொரெவியேஹா, ஹாவியா எல்லாம். லண்டனில எங்களட்டை வாற வயசாளிகளில பாதிப்பேர் அங்க வீடு வாங்கிறதைப் பற்றித்தான் கதைக்கிறவை.

ஹூஸ்டன்_மாமா

அட, பிரமாதம். கடைசி வருஷம் என்றால் ஆஸ்பத்திரிப் பயிற்சி இருக்குமே. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சி கிடைக்காவிட்டாலும், வயதான ஆங்கிலேயர்களுக்குத் துணையாக மொழிபெயர்க்கும் தன்னார்வலர்கள் அந்தக் கடற்கரை முழுவதும் உண்டு. அவர்களுக்கும் ஸ்பானிஷ் தெரிந்த நர்சிங் மாணவி தேவைதான்.

ஒரே நிபந்தனை: கேட்ட சொல்லை நோட்டில் எழுதலாம், சொன்னவர் பெயரோ நோயோ எழுதக்கூடாது.

வலென்சியா_மல்லி

இது எனக்குத் தோணவே இல்லை. அவளோட அத்தை வீடு பெனிடோர்ம் பக்கம்தான், வியாஹோயோசாவில். கோடையில் அங்கேதான் இருப்பா. செவ்வாய்க்கிழமை க்ளாசில் பேசறேன்.

வார்டு_அக்கா

பேசுங்க. அங்க போனா அவ பேசுகதைக் குறைச்சுட்டு மூணு கேள்வி மட்டும் கேக்கட்டும்: எங்க வலிக்கு, எப்படி வலிக்கு, ராத்திரி தூங்கினீங்களா. மிச்சத்தை அந்தத் தாத்தா பாட்டியே சொல்லிருவாவ, நிறுத்தவே மாட்டாவ. பங்டு அப்னு யாராவது சொன்னா மட்டும் மூக்கா வயிறான்னு திருப்பிக் கேக்கச் சொல்லுங்க, ரெண்டுக்கும் அந்த ஒரே வார்த்தையாக்கும்.